சிலம்பும் செங்கல்லும்

பேசத் தெரிந்த நாடு நம் நாடு. பேசிப் பேசியே ஆட்சியைப் பிடித்தவர்கள் என்று நம்மவரைக் கேலி செய்வோர் உண்டு. செய்யட்டும்! வாளைக் காட்டிப் பிடித்தார்கள் என்று சொல்லவில்லை, வாய்மொழியால் பிடித்தார்கள் என்றுதானே சொல்கிறார்கள்! அந்த வசைக்குள்ளே வாழ்த்துத்தான் ஒளிந்திருக்கிறது. ஆனால், இன்று மேடையேறும் இளைஞர்களை உற்று நோக்கும்போது நமக்கு வேறொரு கவலை பிறக்கிறது. வாயைத் திறப்பதற்கு முன்னே அவர்கள் பையைத் திறக்கிறார்கள். பையிலிருந்து ஒரு மெழுகுத்திரி வருகிறது; அல்லது ஒரு கயிறு, ஒரு கண்ணாடி, ஒரு கூழாங்கல் வருகிறது. கூட்டம் கைதட்டுகிறது. அதன்பின் பேச்சு வருகிறது, வராமலும் போகிறது.

கைக்கு அகப்பட்ட எளிய பொருள் ஒன்றைக் காட்டி, அதையே கருத்துக்குக் கால்கோளாக்கி, முன்னேற்பாடின்றிப் பேசும் இந்த முறைக்குப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் போட்டிகளே நடைபெறுகின்றன. ஒரு கூடையில் பத்துப் பொருள். கண்ணை மூடிக் கையை விடவேண்டியது. வந்ததைப் பற்றி மூன்று மணித்துளி முழங்கவேண்டியது. நல்ல பயிற்சிதான். கூடாது என்று கூற நாம் பேனா எடுக்கவில்லை. எது வாதம், எது வித்தை என்று பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டாமா என்பதே நம் கேள்வி.

இந்த முறை அயலாரிடம் நாம் வாங்கிய கடனன்று. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஒளவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். பொருளைக் காட்டிப் பேச எண்ணியவன் முதலில் அவன்தான் என்பதை மறந்துவிடலாகாது! அடுக்கி வைத்த ஆயுதங்களே தனக்காகப் பேசிவிடும் என்று இறுமாந்திருந்தான். ஒளவையாரோ அந்த ஆயுதங்களையே தம் பேச்சுக்கு எடுத்துக்கொண்டார். இங்கே இருப்பவை அணிசெய்யப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவலோடு பத்திரமாக இருக்கின்றன. அங்கே அதியமானுடையவையோ போரிலே முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்னும் கருத்தைப் புகழ்வதுபோலச் சொல்லி முடித்தார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. அளவில் சிறியது; ஆனால், காட்டியவன் பொருளையே காட்டியவனுக்கு எதிர்ச்சான்றாக்கிய திறத்தில் அதற்கு இணை தேடித்தான் பிடிக்கவேண்டும். கவனியுங்கள்: ஒளவையார் தம் கையில் எதையும் ஏந்தவில்லை. பையும் கொண்டு போகவில்லை.

ஏந்தி வந்தவள் கண்ணகி. அவள் வழக்கை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஆயினும், அந்த வழக்கிலே சிலம்பு என்ன வேலை செய்தது என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. கண்ணகி ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவைக்குள் நுழைகிறாள். அந்தச் சிலம்பு பார்ப்போரை உலுக்கியிருக்கும், ஐயமில்லை. தலைவிரி கோலம், கண்ணீர், கையிலே ஒற்றைச் சிலம்பு என்றால் எவர் உள்ளந்தான் உருகாது? இளங்கோவடிகள் அந்த உருக்கத்தோடு நின்றிருந்தால் அது வழக்காகியிராது, ஒப்பாரியாகியிருக்கும். வழக்கு எங்கே தொடங்குகிறது? தன் சிலம்பின் உள்ளே இருப்பவை மாணிக்கம் என்று அவள் முன்கூட்டியே சொல்கிறாள். தன் அரசியின் சிலம்பில் இருப்பவை முத்து என்று மன்னனும் முன்கூட்டியே சொல்கிறான். இருவரும் சொல்லிவிட்டார்கள், இனிப் பின்வாங்க முடியாது. அதன்பிறகு, கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் செய்து மன்னனே அவள்முன் வைக்கிறான். அதை அவள் உடைக்கிறாள். தெறித்தது மாணிக்கம்.

உடைபட்டது எந்தச் சிலம்பு, பார்த்தீர்களா! அவள் கொண்டுவந்த சிலம்பன்று. அரசன் காவலில் இருந்த சிலம்பு. தான் கொண்டுவந்ததைத் தானே உடைத்துக் காட்டியிருந்தால், வரும் வழியில் மாணிக்கத்தை இட்டு நிரப்பினாள் என்று ஒரு காவலன் சொல்லியிருக்கக்கூடும். எதிரியின் பிடியில் இருந்த பொருள், எதிரியே எடுத்துக் கொடுத்த பொருள், உள்ளே என்ன என்று இருவரும் வாக்குக் கொடுத்தபின் அவை நடுவே உடைக்கப்பட்ட பொருள்! ஆய்வுக்கூடத்தில் நம் மாணவர்க்கு இன்று நாம் கற்பிக்கும் நெறி இதுதான்: முதலில் சொல், பிறகு சோதி.

சென்னைக் கடற்கரையில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968 சனவரியில் நிறுவப்பெற்ற கண்ணகி சிலை, 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டது. அந்தச் சிலை சிலம்பை உயர்த்திப் பிடித்து நிற்கிறது. சிற்பத்துக்கு அதுவே பொருத்தம். உடைக்கும் கணத்தைவிட உயர்த்தும் கணம் எடுப்பானது. ஆனால், நம் பேச்சாளர்கள் சிலையைப் பார்த்துவிட்டுக் காப்பியத்தைப் படிக்காமல் விட்டார்களோ என்று ஐயுறுகிறோம். உயர்த்தும் கை எல்லா மேடையிலும் இருக்கிறது. உடைக்கும் கை எங்கே?

உயர்த்தப்பட்டு, உடைக்கப்படாத பொருள் என்ன செய்யும் என்பதற்கு உலக வரலாற்றில் கொடிய சான்று ஒன்று உண்டு. 2003 பிப்ரவரி 5ஆம் நாள். ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை. அமெரிக்க அயலுறவு அமைச்சர் காலின் பாவெல், இரு விரல்களுக்கிடையே ஒரு சின்னஞ்சிறு குப்பியைத் தூக்கிக் காட்டினார். ஈராக்கிடம் இருப்பதாகச் சொல்லப்பட்ட நச்சுக் கிருமிப் பொடியில் ஒரு தேக்கரண்டி அளவே எத்தகைய கேடு செய்யும் என்பதை விளக்க அந்தக் குப்பி. அது ஈராக்கிலிருந்து வந்த குப்பியன்று; வெறும் மாதிரி. எவரும் அதைத் திறக்கச் சொல்லவில்லை. திறந்தாலும் அதில் ஈராக்கைப் பற்றிய சான்று எதுவும் இருந்திராது. ஆனாலும் மறுநாள் உலகமெங்கும் செய்தித்தாள்களில் அந்தக் கையும் குப்பியும் படமாயின. அடுத்த மாதமே போர் மூண்டது. படையெடுத்துச் சென்றவர்களே தேடினார்கள், துருவினார்கள், அவர்கள் அனுப்பிய ஆய்வுக் குழு, அப்படிப்பட்ட ஆயுதக் குவியல் இல்லை என்று 2004இல் அறிக்கை தந்தது. ஒரு பொருள் பொய் சொல்வதற்கு அது பொய்ப்பொருளாக இருக்கவேண்டும் என்பதில்லை. அளவு காட்ட வந்த பொருளைச் சான்று காட்ட வந்ததாகக் கண்கள் எண்ணிக்கொண்டால் போதும்.

உரோமாபுரியில் கேட்டோ என்னும் பெரியவர் கார்த்தேஜ் நாட்டின் மீது படையெடுக்கத் தூண்டியபோது, ஆட்சி மன்றத்தில் தம் மேலாடையிலிருந்து அத்திப் பழங்களை நழுவ விட்டாராம். மன்றத்தார் பழத்தின் செழுமையைப் பாராட்டினர். இது விளையும் நாடு இங்கிருந்து மூன்று நாள் கடற்பயணந்தான் என்றாராம். புளுடார்க் எழுதி வைத்த செய்தி. அத்திப் பழம் என்ன மெய்ப்பித்தது? பகைவன் நாடு அண்மையில் இருக்கிறது என்பதை. அண்மையில் இருப்பவனை அழித்தே ஆகவேண்டும் என்பதையா மெய்ப்பித்தது? இல்லை! கி.மு. 146இல் கார்த்தேஜ் எரிந்தது.

அதே உரோமாபுரியில் பேச்சுக்கலையைக் கற்பித்த ஆசான் குவிண்டிலியன், வழக்குமன்றத்தில் இரக்கம் தூண்டக் கொண்டுவரும் பொருள்களையும் ஆட்களையும் பற்றி எச்சரித்திருக்கிறார். வழக்கறிஞர் ஒருவர் அழும் சிறுவனை மன்றத்துக்கு அழைத்து வந்தார். ஏன் அழுகிறாய் தம்பி என்று கேட்கப்பட்டதும், உடன் வந்த காப்பாசிரியர் கிள்ளுகிறார் என்றானாம் சிறுவன்! நம் ஊர் மேடைகளிலும் கிள்ளும் கைகள் உண்டு. பெயர் சொல்லத் தேவையில்லை, படிப்பவர்க்கே தெரியும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். பொதுமேடையில் ஒரு பொருளை உடைத்தே காட்டியவர் பெரியார். 1953 மே 27, புத்தர் நாளன்று, பிள்ளையார் மண்ணுருவங்களைப் பொதுவிடங்களில் உடைக்கச் சொன்னார். திருச்சி நகர மண்டபத் திடலில் தாமும் உடைத்தார். அந்த நிகழ்ச்சியைக் கொள்கைக் கண்ணோடு போற்றினோர் உண்டு, புண்பட்டுத் தூற்றினோர் உண்டு. நாம் இங்கே பேச்சுக்கலையின் கண்ணோடு மட்டும் பார்க்கிறோம். பொருளும் வாதமும் வேறு வேறாக இல்லாமல் ஒன்றாகவே நின்ற அரிய இடம் அது. இது மண் என்பதே வாதம். உடைந்து கிடந்ததும் மண். உருவகம் இல்லை, உவமை இல்லை. ஆனால், கதை அங்கே முடியவில்லை. அன்பர் ஒருவர் நீதிமன்றம் சென்றார். உடைக்கப்பட்டது வழிபாட்டில் இருந்த திருவுருவம் அன்று, வெறும் மண்பொம்மை என்று கீழ்மன்றங்கள் வழக்கைத் தள்ளின. 1958இல் உச்ச நீதிமன்றம், சட்டத்துக்கு அத்தனை குறுகிய பொருள் கொண்டது தவறு என்றது. ஒரு பொருளைப் புனிதமாகக் கருதும் மக்கள் இருந்தால், அது வழிபாட்டுக்கு நிறுவப்பட்டதா என்பது கேள்வியன்று என்றது. எனினும் காலம் கடந்துவிட்டதால் மேல் விசாரணைக்கு ஆணையிடாது விட்டது.

பேச்சாளர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். மேடையிலே தூக்கிக் காட்டும் பொருளுக்கு உரியவர் பேசுபவர் மட்டுமல்லர், பார்ப்பவரும் உரியவரே என்பது அதிலிருந்து நாம் பெறும் பாடம். விலை கொடுத்து வாங்கியது நாமாக இருக்கலாம். அதன் பொருளை விலை பேச நம்மால் இயலாது. துடைப்பத்தைத் தூக்கிக் காட்டித் தூய்மை பற்றிப் பேசுகிறான் ஒரு மாணவன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துப்புரவுத் தொழிலாளியின் மகனுக்கு அது வேறொன்றாகத் தெரியும். பேசுபவன் அதையும் எண்ணிப் பார்த்துத்தான் தூக்கவேண்டும்.

அண்மைக்காலத்தில் புகழ்பெற்ற பொருள் செங்கல். மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டியது 2019 சனவரி 27இல். 2021 மார்ச்சில், சட்டமன்றத் தேர்தல் பரப்புரையில், உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டி, இதுதான் அந்த மருத்துவமனை என்ற பொருள்படப் பேசினார். கட்சி சார்பின்றிச் சொன்னாலும், திறமான காட்சி அது. செங்கல்லைத் தெரியாத மனிதன் தமிழ்நாட்டில் இல்லை. மாபெரும் மருத்துவமனை, கைக்கு அடங்கும் கல். அந்தச் சிறுமையே வாதம். ஐயமுள்ளவர் தோப்பூருக்குப் பேருந்து ஏறிச் சென்று பார்க்கலாம். ஆகவே உடைத்துப் பார்க்கக்கூடிய வாதமும்கூட. செங்கல்லைத் திருடிவிட்டார் என்று எதிர்த்தரப்பார் காவல்துறையில் புகார் கொடுக்கும் அளவுக்கு அது வேலை செய்தது!

ஆனால், பொருளுக்கும் ஆயுள் உண்டு. 2022இல் எய்ம்ஸ் மாணவர் 50 பேர் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கத் தொடங்கினர். 2024 மார்ச்சில் தோப்பூரில் கட்டுமானப் பணியும் தொடங்கியது. கட்டடம் எழ எழக் கல் சுருங்கும். 2021இல் கூர்மையாக இருந்த கல்லை அதே தேர்தல் மேடை 2024இலும் தூக்கியபோது அது ஏன் இன்னும் தாமதம் என்று கேட்கும் கல்லாக மாறியிருக்கவேண்டும். பழைய நகைச்சுவையின் நினைவாகவே பெரிதும் பயன்பட்டது. எதிர்த்தரப்பில் எடப்பாடி பழனிசாமி ஒரு நிழற்படத்தைக் காட்ட, இவர் பதிலுக்கு ஒரு நிழற்படத்தைக் காட்ட, யார் யாரோடு சிரித்தார் என்ற ஆராய்ச்சியில் மருத்துவமனையே மறைந்து போயிற்று. பொருளுக்குப் பொருள் பதிலாகும்போது காதுகளுக்கு ஓய்வு கிடைக்கிறது. அறிவுக்கும்!

திண்டுக்கல்லாராகிய நமக்கு 1973 மே மாத இடைத்தேர்தல் நினைவுக்கு வராமல் இராது. பார்த்த மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். புதிய கட்சிக்கு இரட்டை இலை சின்னம், மாயத்தேவர் வேட்பாளர், எம்.ஜி.ஆர். இரு விரலை விரித்துக் காட்டினால் போதும், இலை தெரிந்தது. ஆளுங்கட்சி மூன்றாமிடத்துக்குப் போயிற்று. எழுத்தறிவு நூற்றுக்கு 18 பேருக்கே இருந்த 1951ஆம் ஆண்டு நாட்டில், வாக்குச்சீட்டுக்குச் சின்னம் தேவைப்பட்டது இயல்பு. சின்னம் அடையாளம் காட்டும், வழக்காடாது. இலையைக் காட்டியவரிடம் இலையின் நியாயத்தை எவரும் கேட்பதில்லை. நம் மாணவர்கள் கூடையிலிருந்து எடுக்கும் பொருளையும் சின்னமாகவே நடத்துகிறார்கள் என்பதுதான் குறை.

இதற்கு நேர்மாறானது 1967. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார் அண்ணா. படி என்ற சொல் ஒன்றே தாய்மார்களின் கண்முன்னே அந்த வெண்கலப் படியைக் கொண்டுவந்து நிறுத்தியது. கையில் ஏந்திக் காட்டவேண்டிய தேவை சொல்லுக்கு இல்லை. மேலும், அது அளந்து பார்க்கக்கூடிய சொல். ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கிடைத்தது; மூன்று எங்கே என்று எதிர்க்கட்சியும் கேட்டது. கேட்கட்டும்! கேட்க முடிந்ததே அந்தச் சொல்லின் பெருமை.

போட்டிக்கு வருவோம். நம் வட்டாரப் பள்ளிகளுக்கிடையே நடந்த அத்தகைய போட்டி ஒன்றில் நடுவர் மூவருள் ஒருவராக நாமும் அமர்ந்தோம். கூடையில் நல்ல பொருள்கள்: சிறுமலை வாழைப்பழம், நிலக்கோட்டைப் பூச்சரம், சின்னாளபட்டிச் சுங்குடி, மெழுகுத்திரி, திண்டுக்கல் பூட்டு. பூட்டு மூவருக்கு வந்தது. முதலாமவன், அறியாமை பூட்டு, கல்வி சாவி என்றான். இரண்டாமவன், மனம் பூட்டு, அன்பு சாவி என்றான். சொல்லிக்கொண்டே பூட்டை மேடையில் ஓங்கி எறிந்தான். பலகை அதிர்ந்தது, அரங்கமும் அதிர்ந்தது. இவர்கள் இருவரும் பூட்டைப் பார்க்கவே இல்லை. பூட்டுக்குப் பதில் கதவு வந்திருந்தால் அதே பேச்சு. கதவுக்குப் பதில் சுவர் வந்திருந்தாலும் அதே பேச்சுத்தான்.

மூன்றாவதாக வந்த மாணவி பூட்டுத் தொழில் செய்யும் வீட்டுப் பெண். சாவியைச் செருகித் திருப்பி, ஒலிவாங்கியின் அருகே வைத்து அந்த ஓசையைக் கேட்கச் சொன்னாள். உள்ளே எத்தனை லிவர், ஒவ்வொன்றையும் ஒரு சாவிக்கு மட்டும் இசையுமாறு அரத்தால் எப்படி இராவ வேண்டும், ஒன்று ஒரு மயிரிழை கூடினால் என்ன ஆகும் என்று சொன்னாள். பொறியில் வார்த்த அலிகார் பூட்டு என்ன விலைக்கு வருகிறது, கையால் செய்ததற்குக் கூலி என்ன தேறுகிறது என்று சொன்னாள். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொன்னாள். பிறகு, எங்கள் தந்தை ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்கிறார், எங்கள் வீட்டில் பூட்டி வைக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பூட்டைக் கொண்டுவந்து நடுவர் மேசைமீது வைத்தாள், திறந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. கைதட்டல் குறைவு. பரிசு எறிந்தவனுக்கே போயிற்று. இருவருக்கு ஒருவராக நாம் தோற்றோம். நடத்தியவர்களை இங்கே குறிப்பிடுவது நம் நோக்கமன்று. அவர்கள் கொடுத்த மதிப்பெண் தாளில் "பொருளைக் கவர்ச்சியாகக் கையாண்டமை" என்று ஒரு கட்டம் இருந்தது, "பொருளை அறிந்தமை" என்று கட்டமே இல்லை.

மெழுகுத்திரி வந்தவன் என்ன பேசினான் என்பதை எழுதவேண்டியதில்லை. தன்னை உருக்கி ஒளி தரும் கதையை நீங்களே முடித்துக்கொள்வீர்கள். 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே அதே மெழுகுத்திரியை வைத்துச் சிறுவர்க்கு ஆறு சொற்பொழிவு ஆற்றினார். திரியில் மெழுகு ஏன் ஏறுகிறது, சுடர் ஏன் மேல்நோக்கி நீள்கிறது, எரிந்தபின் நீர் எப்படி உண்டாகிறது, நம் மூச்சுக்கும் அந்தச் சுடருக்கும் என்ன உறவு! கொல்லன் பட்டறை மகனான அவருக்கு ஒரு திரியில் ஆறு நாளுக்குச் செய்தி இருந்தது. நம் மாணவனுக்கு மூன்று மணித்துளிக்கு இல்லாமற் போனது அவன் குற்றமா? நாம் கற்பித்த குற்றமா?

முன்னேற்பாடு இல்லாத பேச்சுக்கு இத்தனை அறிவை எதிர்பார்க்கலாமா என்பார்கள். 1986 பிப்ரவரி 11ஆம் நாள், சேலஞ்சர் விண்கலம் ஏழு உயிரோடு வெடித்துச் சிதறியதை ஆராய்ந்த குழுவின் கூட்டத்தில், அறிவியலாளர் ஃபெயின்மன் தம்முன் இருந்த குளிர்நீர்க் கோப்பையில் ஒரு சிறு ரப்பர்த் துண்டை அமிழ்த்தி எடுத்தார். அழுத்தம் நீங்கிய பின்னும் ரப்பர் தன் பழைய வடிவுக்கு விரைந்து மீளவில்லை. குளிரில் அது விறைத்துப்போகும் என்பதைப் பேரறிஞரும் பாமரரும் ஒருங்கே கண்டார்கள். அந்தக் கணத்தில் தோன்றியதுபோல இருந்தது. ஆனால், அன்று காலையில்தான் கடைக்குச் சென்று குறடும் கிளாம்ப்பும் வாங்கி வந்திருந்தார்! ரப்பரைப் பற்றி அதற்கு முன்பே விசாரித்திருந்தார். திடீர்ப் பேச்சு என்பது திடீரென்று வாய் திறப்பது. திடீரென்று அறிவது அன்று. அந்தப் பெண்ணுக்கும் பூட்டு அன்று கூடையில் திடீரென வந்தது. அரத்தின் ஓசை பிறந்ததுமுதல் காதில் இருந்தது.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு நாம் எழுத்து மூலம் சில வேண்டுகோள் விடுத்திருக்கிறோம். பேசி முடித்தபின், அதே பொருளைக் காட்டி அவையிலிருந்து எவரேனும் இரண்டு கேள்வி கேட்கலாம் என்பது ஒன்று. பொருளை நடுவரிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்கவேண்டும் என்பது ஒன்று. கூடைக்கு வேண்டிய பொருளைப் பட்டறை, சந்தை, தோல் ஷாப்பு, தறிக்கூடம் என்று மாணவர்களே தத்தம் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும் என்பது இன்னொன்று. மதிப்பெண் தாளில் அந்தக் கவர்ச்சிக் கட்டத்தை அடித்துவிட்டு நாம் எழுதியனுப்பிய புதிய கட்டத்துக்கு இருபது மதிப்பெண் கேட்டிருக்கிறோம். பத்துக்கு இசைந்திருப்பதாக மறுமொழி வந்திருக்கிறது.